சுருக்குப்பையில் அடங்கும் விளையாட்டு

(விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

விழா மேடைகளில் அறநூல்களின் நுட்பங்களையும் ஆலயங்களின் வரலாற்றையும் அறிஞர்கள் எடுத்துரைப்பது நம் வழக்கம். எனக்கு அளிக்கப்பட்ட பொருளோ மிகச் சிறியது. நடை பழகும் குழந்தையை வெளியே அழைத்துச் செல்லும்போது அதன் கையில் எந்த விளையாட்டுப் பொருளைக் கொடுப்பது என்பதே அது. இதற்கும் ஓர் உரையா என்று சிலர் புன்னகை செய்யலாம். ஆயினும் இம்மண்டபத்தில் இப்போது அமர்ந்துள்ள இளந்தாயர் பலர், இங்கு வந்து சேர்வதற்கு முன் இந்த வினாவுக்கு ஒரு விடை கண்டுவிட்டே வந்திருப்பர். சிலர் பொம்மையைக் கொடுத்திருப்பர். சிலர் தின்பண்டத்தைக் கொடுத்திருப்பர். பலர் கைப்பேசியைக் கொடுத்திருப்பர். நாள்தோறும் நாம் கூறும் இந்த விடையில் குழந்தையின் உயிர்க்காப்பும் மனப்பழக்கமும் நம் வீட்டு நெறியும் அடங்கியிருக்கின்றன.

இச்சிக்கல் நம் முன்னோர்க்கு இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் நம் குடும்பங்கள் வாழ்ந்த நாளில், குழந்தைக்குத் திண்ணையும் முற்றமும் தெருவும் இருந்தன. தெருவில் நடப்பவர் எல்லாரும் உறவினர். வேப்பங்கொட்டையும் மண்ணும் ஓலையுமே விளையாட்டுப் பொருள்கள். இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அடுக்ககங்களில் வாழ்கிறோம். குழந்தை வெளியே வருவதென்றால் மருத்துவர் வீட்டு வரிசை, வங்கியின் நாற்காலி, இரங்கநாதன் தெருவின் நெரிசல், மெட்ரோ பணி நடக்கும் சாலையில் நகராத வாகனம் என்று எங்கும் காத்திருப்பே அமைகிறது. ஊருக்குச் செல்வதென்றால் திண்டிவனத்துக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மேல்சித்தாமூருக்கும் பொன்னூர் மலைக்கும் அதற்கு மேலும் செல்லவேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரண்டு மணி நேரம் அசையாதிருப்பது இயலாத தவம். அதைக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது நம் குறையேயன்றிக் குழந்தையின் குறை அன்று.

நம் இலக்கியம் இப்பருவத்தை நன்கு அறிந்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துள்ளன. அவற்றுள் சப்பாணி என்பது கைகொட்டும் பருவம். அம்புலி என்பது நிலவை அழைக்கும் பருவம். சிறுபறை என்பது பறை முழக்கும் பருவம். சிறுதேர் என்பது தேர் உருட்டும் பருவம். இவ்வரிசையை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தொடக்கப் பருவங்களில் குழந்தைக்குப் பொருளே தேவையில்லை. தன் கையும், தாயின் முகமும், வானத்து நிலவும் போதும். பறையும் தேரும் பின்னரே வருகின்றன.

சங்க நூலாகிய பட்டினப்பாலையில் இன்னொரு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் காயும் உணவைக் கோழி கொத்த வருகிறது. அதை விரட்ட மகளிர் பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, குதிரையின்றிச் சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. புலவர் நகரின் செல்வத்தைச் சிறப்பிக்கவே இதைச் சொன்னார். ஆனால் சிறு குழந்தை வளரும் வீட்டார்க்கு இதில் வேறொரு செய்தியும் தோன்றும். குழந்தை திரியும் தரையில் கிடப்பவை யாவும் அதன் விளையாட்டுப் பொருள்களே. கடையில் வாங்கியது, வாங்காதது என்ற வேறுபாடு குழந்தைக்கு இல்லை.

ஆகவே முதலில் உயிர்க்காப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் வாயால் அறிகிறது. அதைக் கடிந்து மாற்ற இயலாது. பொருளைத்தான் நாம் மாற்றவேண்டும். விளையாட்டுப் பொருள்களுக்கான தரக்கட்டுப்பாட்டில் ஓர் உருளைச் சோதனை உண்டு. அவ்வுருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். வளைக்காமல் அழுத்தாமல் எந்தப் பக்கமாக வைத்தாலும் அதற்குள் முழுதும் அடங்கிவிடும் பொருள், மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்கு ஆகாது. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே அகன்ற வாய் என்று மனத்தில் கொள்ளுங்கள். பந்துக்கு அளவு இன்னும் பெரிது, 44.5 மில்லிமீட்டர் வளையத்துக்குள் புகுந்து வெளிவரும் பந்து சிறு பந்தாகவே கருதப்படும். மேசைப் பந்தாட்டத்தின் பந்து 40 மில்லிமீட்டர்தான். பெரிதாகத் தோன்றும் அந்தப் பந்தும் இக்குழந்தைகளுக்கு உரியதன்று. அளவுகோல் கையில் இல்லாதபோது ஓர் எளிய விதி உதவும்: குழந்தையின் கைப்பிடிக்குள் முழுதும் மறைந்துவிடும் பொருளைக் குழந்தையிடம் விடாதீர்கள்.

வீட்டுப் பொருள்களில் சிலவற்றைத் தனியே குறிப்பிடவேண்டும். பல்லாங்குழிக்குரிய சோழி, புளியங்கொட்டை, குன்றிமணி ஆகியவை பாட்டியின் பெட்டியிலிருந்து எளிதில் குழந்தையின் கைக்கு வந்துவிடும். சோழியும் புளியங்கொட்டையும் தொண்டையில் அடைக்கும். மூக்கிலும் காதிலும் புகும். குன்றிமணியோ நஞ்சு, மென்றாலும் நசுக்கினாலும் கொல்லத் தக்கது. நவராத்திரி நாள்களில் மயிலை வடக்கு மாட வீதியில் பொம்மை வாங்கச் செல்லும்போது, கொலுவுக்குரிய மண் பொம்மையும் சிறு சொப்பும் குழந்தையின் கண்ணைக் கவரும். அவை படியில் வைத்துப் பார்ப்பதற்கு உரியவை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் அத்தகையதே. வீட்டில் மேசைமேல் ஆடும்போது அது அழகு. பையில் எடுத்துச் சென்றால் உடையும், உடைந்த துண்டு வாய்க்குள் போகும்.

கடைத்தெருவில் மின்னி ஒலிக்கும் மலிவான பொம்மைகள் மிகுதி. அவற்றுள் பல பொத்தான் மின்கலத்தால் இயங்குபவை. வட்டமாகப் பளபளக்கும் அந்த மின்கலம் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாக்கும். மின்கலப் பெட்டியின் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கவேண்டும். விரலால் தள்ளித் திறக்கக்கூடிய மூடி உள்ள பொம்மையை எவ்வளவு அழுதாலும் வாங்காதீர்கள். சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் குடலின் இரு பகுதிகளை அவை இடையே இறுக்கிவிடும். நீரில் ஊறிப் பருக்கும் வண்ண மணிகள் வயிற்றுக்குள்ளும் பருக்கும். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் மூச்சை அடைக்கும். இந்நான்கையும் நம் பையிலிருந்து மட்டுமின்றி வீட்டிலிருந்தே விலக்குவது நலம். மின்கலத்தை விழுங்கியதாக ஐயம் தோன்றினாலே வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல் உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும். தொண்டை அடைத்த குழந்தைக்குச் செய்யும் முதலுதவியை வீட்டில் உள்ள பெரியோர், பாட்டி தாத்தா உட்பட, ஒருமுறையேனும் முறையாகக் கற்றுக்கொள்ளவேண்டும். 108 என்னும் எண்ணை அழைக்கும் வரையிலான அந்தச் சில நிமிடங்கள் நம் கையில்தான் இருக்கின்றன.

தரமுத்திரை பற்றியும் ஒரு சொல். 2020-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி, 14 வயதுக்கு உட்பட்டோர்க்கான விளையாட்டுப் பொருள்கள் 2021 சனவரி முதல் நாளிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றே விற்கப்படவேண்டும். முத்திரையுடன் உரிம எண்ணும் இருக்கும். அவ்வெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கைப்பேசிச் செயலியில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் இவ்வாணையில் விலக்கு உண்டு. ஆகவே கைவினைப் பொம்மையில் முத்திரை இல்லாதது குற்றமன்று. ஆனால் அங்கே சோதிக்கும் பொறுப்பு நம் கைக்கு வந்துவிடுகிறது. இழுத்துப் பாருங்கள், திருகிப் பாருங்கள், ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள், ஓரத்தில் விரலை ஓட்டிச் சிராய் உண்டா என்று பாருங்கள். பனை ஓலைக் கிலுகிலுப்பை நம் மண்ணின் அழகிய படைப்பு. ஆனால் ஓலை கிழிந்தால் உள்ளிருக்கும் விதையோ கல்லோ வெளியே விழும். கிழிந்த அன்றே அதனை விலக்கிவிடவேண்டும்.

இனி, எத்தனை பொருள் வேண்டும் என்னும் வினாவுக்கு வருகிறேன். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 36 சிறு குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2018-இல் வெளியிட்டனர். ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகள் அவர்கள். ஒருமுறை நான்கு விளையாட்டுப் பொருள்களையும், மற்றொரு முறை பதினாறு பொருள்களையும் அவர்கள்முன் வைத்தனர். நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொரு பொருளோடும் நெடுநேரம் விளையாடினர். ஒன்றையே பல விதமாகக் கையாண்டனர். பதினாறு இருந்தபோது ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவினர். நம் இல்லற நெறியில் பொருள் வரைதல் ஓர் அணுவிரதம். இவ்வளவு போதும் என்று வரையறுப்பது துறத்தலின் துன்பமாக அன்றி, இருப்பதை முழுமையாகத் துய்க்கும் வழியாகவும் அமைகிறது என்பதை நாம் பெரியவர்களின் வாழ்வில் கண்டிருக்கிறோம். குழந்தையின் விளையாட்டிலும் அதுவே நிகழ்கிறது.

ஆகவே என் பரிந்துரை மூன்று அல்லது நான்கு பொருள்களே. பாட்டிமார் வெற்றிலைபாக்கு வைத்திருந்த சுருக்குப்பை போன்ற ஒரு துணிப்பை போதும். அப்பைக்குள் அடங்குவனவே உரியவை. ஆனால் கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளக்கூடாது. நீண்ட கயிறு கழுத்தில் சுற்றும். அந்தப் பை வெளியே செல்லும்போது மட்டுமே திறக்கப்படவேண்டும். வீட்டில் நாள்தோறும் காணும் பொருளுக்கு வெளியில் ஈர்ப்பு இல்லை. பையை ஒரே நேரத்தில் கவிழ்த்துவிடாமல், ஒன்று சலித்த பின்னரே அடுத்ததை எடுக்கவேண்டும். வீடு திரும்பியதும் கழுவத்தக்கவற்றைச் சோப்பு நீரில் கழுவி, துணிப் பொருள்களைத் துவைத்து வெயிலில் உலர்த்தி, பையை மீண்டும் கட்டி வைக்கலாம்.

எந்தப் பொருள்கள்? இடத்திற்கேற்ப அமையவேண்டும். மருத்துவர் வீட்டிலும் வங்கியிலும் துணிக்கடையிலும் காத்திருக்கும்போது மடியில் வைத்து விளையாடத்தக்கவை வேண்டும். ஒன்றனுள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்கள் இதற்குச் சாலச் சிறந்தவை. ஒரு வயதுக் குழந்தை அவற்றைத் தட்டும். ஒன்றரை வயதில் ஒன்றனுள் ஒன்றைப் போடும். இரண்டு வயதில் அடுக்கிக் கவிழ்க்கும். இரண்டரை வயதில் அதே கிண்ணத்தில் உங்களுக்குப் பாயசம் பரிமாறும். ஒரே பொருள் ஈராண்டு வளர்ச்சிக்கும் உடன் வருகிறது. மடிப்பைத் தூக்கினால் உள்ளே ஓர் உருவம் தோன்றும் துணிப் புத்தகமும் நல்லது. பழைய பருத்திப் புடவைத் துண்டுகளைக் கொண்டு வீட்டிலேயே தைத்துவிடலாம். பொத்தானோ மணியோ வைக்காமல் நூலால் மட்டும் கண்ணும் மூக்கும் தைக்கவேண்டும்.

பயணத்தின்போது உருளாதவையும் கூரில்லாதவையும் வேண்டும். ஓடும் ஆட்டோவில் பந்து கைதவறினால் குழந்தையும் அதன்பின் பாயும். வாகனம் திடீரென நிற்கும்போது வாயில் குச்சியோ கரண்டியோ இருத்தல் கேடு. மெல்லிய துணிப் பொம்மை, பெரிய வளையங்கள் கோத்த துணிச் சங்கிலி போன்றவை பயணத்துக்கு ஏற்றவை. நீண்ட வழியில் சாளரத்தைவிடச் சிறந்த பொம்மை இல்லை. மயிலையிலிருந்து பறக்கும் இரயிலில் ஏறினால், மேலிருந்து தெரியும் கால்வாயும் மாடிகளும் மரங்களும் குழந்தைக்குப் பெருங்காட்சி. அதனைச் சொல்லிக் காட்டுவதற்கு நாம் கைப்பேசியை விட்டுத் தலைநிமிரவேண்டும், அவ்வளவே.

ஆலயத்திலும் அறவுரை நிகழும் மண்டபத்திலும் ஒலியற்ற பொருளே பொருந்தும். ஒரு கைக்குட்டை போதும். அதனை முடிச்சிட்டு எலியாக்கலாம். விரலில் சுற்றிப் பாப்பாவாக்கலாம். முகத்தை மூடி மறைந்து தோன்றலாம். அதற்கு மேலும் குழந்தை பொறுக்காவிட்டால் வெளியே பிராகாரத்துக்கு அழைத்துச் சென்று நடக்க விடுங்கள். அழும் குழந்தையோடு எழுந்து செல்லும் தாயை மற்றவர் முகம் சுளித்து நோக்காதிருப்பதும் ஓர் அறமே. பெரியோர் இதனை மனங்கொள்ள வேண்டுகிறேன்.

நாகேசுவரராவ் பூங்கா, பனகல் பூங்கா, கிண்டிச் சிறுவர் பூங்கா, பெசன்ட் நகர்க் கடற்கரை போன்ற திறந்தவெளிகளுக்குச் செல்லும்போது பையையே திறக்காதீர்கள். மணல் இருக்கும் இடத்தில் ஒரு குவளைக்கு மேல் என்ன வேண்டும்? அங்கேதான் நம் நெறியின் முதல் பாடத்தையும் குழந்தை கற்கிறது. கடற்கரையில் தோண்டுமுன் அருகில் நண்டு வளை உண்டா என்று குனிந்து பார்க்கப் பழக்குங்கள். எறும்பு வரிசையைக் கண்டால் காலைத் தூக்கி அப்பால் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அகிம்சை என்னும் சொல் விளங்காது. ஆனால் குனிந்து பார்த்தல் விளங்கும். விலகி நடத்தல் விளங்கும்.

இவ்விடத்தில் நம்மவர்க்கே உரிய இரண்டு வினாக்களைத் தொடவேண்டும். முதலாவது, விளையாட்டுத் துப்பாக்கியும் வாளும். இந்த வயதுக் குழந்தைக்குக் கொல்லும் எண்ணம் ஏதும் இல்லை. அதன்மேல் குற்றம் ஏற்றுவது பேதைமை. ஆனால் வாங்கிக் கொடுக்கும் நமக்கு எண்ணம் உண்டல்லவா? ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தின் கதையை நம் இல்லங்கள் அறியும். உயிர்ப்பலிக்கு உடன்படாத யசோதரன், தாயின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். கோழி மாவுதான், ஆயினும் பலியிடும் எண்ணம் மெய்யானது. அதனால் அவனும் தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல பிறவிகளில் உழன்றனர். பொம்மையின் மேல் நிகழ்த்தும் செயலுக்கும் உள்ளத்தில் தடம் உண்டு என்பதே அக்கதையின் உட்கருத்து. 'டுமீல்' என்று சுட்டவுடன் தாத்தா சாய்ந்து விழுவதும், எல்லாரும் சிரிப்பதும் குழந்தைக்கு ஒரு பாடமாகவே அமையும். அதே தாத்தா துணி யானைக்கு உணவூட்டக் குழந்தைக்குக் கற்பித்தால் அதுவும் பாடமே. எதைக் கற்பிப்பது என்பது நம் தேர்வு.

இரண்டாவது வினா சற்று நுட்பமானது. நெகிழியை வெறுத்து இயற்கைப் பொருளை நாடும் பெற்றோர் பலர் இன்று சன்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகளை விரும்பி வாங்குகின்றனர். வெட்பாலை மரத்தைக் கடைந்து, வண்ண அரக்கால் மெருகேற்றிச் செய்யும் அப்பொம்மைகள் வழவழப்பானவை. புவிசார் குறியீடும் பெற்றவை. ஆனால் அரக்கு என்பது மரத்தின் பிசின் அன்று. அரக்குப்பூச்சிகள் கிளைகளில் சுரந்து தம்மைச் சுற்றி அமைத்துக்கொள்ளும் உறை அது. கிளையைச் சீவி உருக்கி எடுக்கும்போது எண்ணற்ற சிற்றுயிர்கள் மாய்கின்றன. சிராவகர் விலக்கவேண்டிய பதினைந்து வகைத் தொழில்களுள் அரக்கு வாணிகத்தையும் நம் நூல்கள் சேர்த்திருப்பது இது பற்றியே. இயற்கையானது என்பதும் கொல்லாமையோடு பொருந்துவது என்பதும் ஒன்றல்ல.

இதனைச் சொல்வதால் அக்கைவினைஞரின் உழைப்பைக் குறைத்து மதிப்பதாக யாரும் கருதவேண்டா. அவர்கள் கலை உயர்ந்தது. அவர்கள் பிழைப்பும் நமக்குப் பொருட்டானதே. மெருகேற்றாத மரத்தில் கடைந்த பொம்மையைக் கேட்டு வாங்கலாம். மரத்தை நன்றாக இழைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாலே வழவழப்பு வரும். கேட்பவர் பெருகினால் செய்பவரும் செய்வர். முன்பே வீட்டில் இருக்கும் அரக்குப் பொம்மையை என் செய்வது என்று சிலர் கேட்கக்கூடும். அதனைக் குப்பையில் எறிவதால் எவ்வுயிரும் மீளாது. உள்ளதைப் பேணிப் பயன்படுத்தி, இனி வாங்குவதில் கருத்தாக இருப்பதே தக்கது என்பது என் எண்ணம். அவரவர் இல்லம் அவரவர் பெரியோருடன் கலந்து முடிவு செய்யட்டும். அறியாமல் வாங்குவதைவிட அறிந்து முடிவு செய்வது நன்று என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

தின்பண்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். குழந்தை சிணுங்கியவுடன் ஒரு முறுக்கு, ஒரு பிஸ்கட் என்று கொடுப்பது எளிய வழி. ஆனால் சலிப்புக்கு உணவே மருந்து என்னும் பழக்கம் அப்போதே வேரூன்றிவிடும். பொழுது சாய்ந்தபின் உண்ணாமையைக் கைக்கொள்ளும் குடும்பங்களில், மாலைப் பயணத்தில் இது பெரும் இடர்ப்பாடாகவும் ஆகும். பசிக்கு உணவை உரிய நேரத்தில் கொடுத்துவிட்டு, சலிப்புக்கு விளையாட்டைக் கொடுப்பதே முறை. நிலக்கடலை, சோளப்பொரி, கெட்டியான மிட்டாய் ஆகியவை இவ்வயதில் மூச்சை அடைக்கக்கூடியவை. ஓடும் வண்டியில் அவற்றைக் கொடுத்தல் அறவே கூடாது.

இறுதியாகக் கைப்பேசி. உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டா என்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, அதனினும் குறைவது நன்று என்றும் கூறியுள்ளது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகத்தின் கருத்தும் ஏறத்தாழ இதுவே. இதைக் கேட்டு எந்தத் தாயும் குற்றவுணர்வு கொள்ளவேண்டா. தனியொருத்தியாய்க் குழந்தையையும் பைகளையும் சுமந்து வரிசையில் நிற்பவளின் இடுக்கண் எனக்குத் தெரியும். ஊருக்குச் சென்ற அப்பாவோடும் அம்மாச்சியோடும் காணொளியில் பேசுவது வேறு. அதில் உறவு இருக்கிறது. நான் அஞ்சுவது, சிணுங்கியவுடன் திரை என்னும் அந்தப் பழக்கத்தையே. சலிப்பு ஒரு நோய் அன்று. சலித்த குழந்தை சுற்றிலும் பார்க்கத் தொடங்கும். தன் விரலை எண்ணும். எதிரில் இருக்கும் பாட்டியைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிறு இடைவெளியை நாம் உடனே நிரப்பிவிட்டால், தானே தனக்குத் துணையாகும் திறனைக் குழந்தை எப்போது பெறும்? மனத்தை ஒருமுகப்படுத்தி அமர்வதைச் சாமாயிகம் என்று பெரியவர்கள் பயில்கிறோம். அதன் வித்து, ஒரு கிண்ணத்தோடு பத்து நிமிடம் ஒன்றி விளையாடும் குழந்தையிடத்தே இருக்கிறது.

நல்ல பொம்மையும் உடன் ஒரு பெரியவர் இன்றி நெடுநேரம் செல்லாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பை கிண்ணத்தைக் கொடுக்கும். கதையை நாம்தான் கொடுக்கவேண்டும். பை மறந்துபோன நாளிலும் கைகொட்டலாம். சிவப்பு வண்டிகளை எண்ணலாம். மாலை வானில் அம்புலியைக் காட்டலாம். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் அறிந்திருந்த அந்த விளையாட்டுகளுக்கு எடையும் இல்லை, விலையும் இல்லை.

நிறைவாக அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். இம்மண்டபத்தின் பின்புறத்தில் ஒரு பாய் விரித்து, ஒரு மூங்கில் கூடையில் பத்துப் பன்னிரண்டு பொருள்களை வைக்கலாம். துணிப் பந்து, மரக்கிண்ணம், துணிப் புத்தகம் போதும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் அவற்றைக் கழுவி உலர்த்தும் பணியை இல்லங்கள் முறைவைத்து ஏற்கலாம். தம் குழந்தை வளர்ந்துவிட்ட வீட்டார், நல்ல நிலையில் உள்ள பொருள்களை அடுத்த குழந்தைக்கு அளிக்கலாம். ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கிக் குவிக்கவேண்டியதில்லை. அறவுரை கேட்கும் ஆவலோடு வந்து, குழந்தையின் அழுகைக்காகப் பாதியில் வீடு திரும்பும் இளந்தாயர் இனி முழுதும் கேட்டுச் செல்ல அக்கூடை வழிவகுக்கும்.